லேசரா, களிம்பா? லைக்கன் ஸ்க்லெரோசஸ் சிகிச்சை ஆய்வுகள் காட்டுவது என்ன?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. அம்மாவுக்கு 61 வயது. ஐந்து ஆண்டுகளாக இரவில் தூங்கவிடாத அரிப்பு. பூஞ்சைத் தொற்று என்றும் சர்க்கரையால் வரும் அரிப்பு என்றும் சொல்லிப் பல களிம்புகள் தந்தார்கள். சென்ற ஆண்டு ஒரு தோல் மருத்துவர் திசுப் பரிசோதனை செய்து, பெண்குறியின் வெளிப்பகுதியில் வந்திருக்கும் லைக்கன் ஸ்க்லெரோசஸ் என்று உறுதிசெய்து, குளோபெட்டசால் என்ற வீரியமான ஸ்டீராய்டுக் களிம்பைக் கொடுத்தார். மூன்று வாரத்தில் அரிப்பு நின்றது. ஆனால் மருந்துடன் வந்த தாளில் தொடையிடுக்குப் பகுதியில் தடவக் கூடாது என்று இருந்ததைப் படித்துப் பயந்து நிறுத்திவிட்டீர்கள். இரண்டு மாதத்தில் அரிப்பு திரும்பிவிட்டது. இப்போது ஒரு தனியார் கிளினிக்கில் லேசரும், அம்மாவின் இரத்தத்திலிருந்தே எடுக்கும் பி.ஆர்.பி. ஊசியும் சேர்த்துச் செய்தால் நிரந்தரமாகத் தீரும் என்கிறார்கள். அதற்காக நகையை அடகு வைக்கலாமா என்று கேட்கிறீர்கள். இந்த நோய் உங்களுக்கும் வருமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

நகையை அடகு வைக்க வேண்டாம். நோயைக் கண்டுபிடித்த அந்தத் தோல் மருத்துவரிடமே திரும்பச் சென்று, நிறுத்திய களிம்பை அவர் மேற்பார்வையில் மறுபடி தொடங்குங்கள். இந்த நோய்க்கு இன்று கையில் இருக்கும் மருந்துகளில் அதிக ஆதாரம் உள்ளதும், விலை மிகக் குறைந்ததும் ஒரே மருந்தாக இருப்பது நம்முடைய நல்ல காலம். நான் தோல் மருத்துவம் பார்க்கிறவள்; ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்பதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் காரணம் புரியாமல் தடவும் மருந்தை யாரும் ஆண்டுக்கணக்கில் தொடர்வதில்லை.

முதலில் நோயைப் பற்றி. நம் உடலின் எதிர்ப்பு அணுக்கள் நம் தோலையே தாக்குவதால் வருகிற நாள்பட்ட அழற்சி என்றுதான் லைக்கன் ஸ்க்லெரோசஸை இன்று பெரும்பாலான ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். மேல்தோலுக்கு அடியில் அழற்சி அணுக்கள் ஒரு பட்டைபோலத் திரள்கின்றன. அதற்கு மேலே உள்ள இணைப்புத் திசு வழவழப்பாக இறுகிவிடுகிறது. தோல் வெளுத்து, சிகரெட் தாளைக் கசக்கி விரித்ததுபோல் மெலிந்து, எளிதில் வெடிக்கிறது. வெண்மை பெண்குறியையும் ஆசனவாயையும் சுற்றி எட்டு என்ற எண்ணின் வடிவில் பரவுவது வழக்கம். யோனியின் உட்புறத்தை இது தாக்குவதில்லை. கவனிக்காமல் விட்டால் உள்ளுதடுகள் சுருங்கி மறைவதும், கிளிட்டோரிஸை மூடும் தோல் ஒட்டிக்கொள்வதும், யோனி வாயில் குறுகுவதும் மெல்ல நடக்கின்றன. அரிப்பு நின்ற பிறகும் உள்ளே அழற்சி ஓசையின்றித் தொடர முடியும் என்பதை மட்டும் நன்றாக மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் சொல்லப்போகிற எல்லாமே இதைப் பொறுத்தவை. ஒரு பக்கம் பருவமடையாத சிறுமிகளுக்கும், மறுபக்கம் மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் இது அதிகம் வருகிறது. ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றாது. சுத்தக் குறைவால் வருவதும் அல்ல. இதைச் சொல்லாமல் விட முடியாது, ஏனென்றால் என்னிடம் வரும் அம்மாக்களில் பலர் இந்த ஒரு எண்ணத்தால்தான் ஆண்டுக்கணக்கில் வாய் திறக்காமல் இருந்திருக்கிறார்கள், அப்படி நினைத்துச் சோப்பும் டெட்டாலும் போட்டுக் கழுவிப் புண்ணை அதிகமாக்கியும் இருக்கிறார்கள்.

இந்த நோயை மருத்துவ உலகம் புரிந்துகொண்ட பாதை நெடியது. பிராக் நகரத்து மருத்துவர் பிரைஸ்கி 1885-இல் பெண்குறி சுருங்கிப்போவதை க்ரவுரோசிஸ் என்று எழுதினார். பாரிஸில் ஹலோப்போ 1887-இல் இதைத் தோல் நோயாக விவரித்தார். ஒரே நோயைப் பெண்கள் நல மருத்துவர்கள் ஒரு பெயரிலும் தோல் மருத்துவர்கள் இன்னொரு பெயரிலும் அழைத்துக்கொண்டிருந்தார்கள். பெண்குறி நோய்களுக்கான பன்னாட்டுச் சங்கம் 1976-இல்தான் பெயர்க் குழப்பத்துக்கு ஒரு முடிவு கட்டியது. இடைப்பட்ட காலத்தில், புற்றுநோய் வந்துவிடும் என்ற பயத்தில், நோயுற்ற தோலை முழுவதுமாக வெட்டி எடுத்த அறுவைகள் நிறைய நடந்தன. வெட்டிய இடத்தின் ஓரத்திலேயே நோய் மறுபடி முளைத்தது. பிரிட்டனில் விம்ஸ்டர் என்ற ஆய்வாளர் நோயுற்ற தோலைத் தொடையிலும், தொடையின் நல்ல தோலைப் பெண்குறியிலும் மாற்றி ஒட்டிப் பார்த்தபோது, தொடைக்குப் போன தோல் தேறியது, பெண்குறிக்கு வந்த நல்ல தோலில் நோய் தொற்றிக்கொண்டதுபோல் தோன்றியது. நோயின் வேர் அந்தத் தோல் துண்டில் மட்டும் இல்லை, அந்த இடத்தின் சூழலிலும் இருக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டிய சோதனை வேறில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. தோலின் மேற்பரப்பைச் சுட்டுப் புதுத் தோல் வளரச் செய்தால் நோய் போய்விடும் என்று யாராவது சொல்லும்போதெல்லாம் எனக்கு இதுதான் நினைவுக்கு வருகிறது.

பிறகு ஹார்மோன்களின் காலம் வந்தது. 1960-களிலிருந்து ஏறத்தாழ முப்பது ஆண்டுகள், டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் இரண்டு விழுக்காடு கலந்த களிம்பு முதல் தர மருந்தாக இருந்தது. அதைத் தடவிய பெண்களில் சிலருக்கு முகத்தில் முடி வளர்ந்தது, குரல் மாறியது. ஆனாலும் பலன் இருக்கிறது என்று எல்லாரும் நம்பினார்கள். 1994-இல் இத்தாலியில் சிதேரி குழுவினர் 58 பெண்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதிக்கு டெஸ்டோஸ்டிரோன் களிம்பையும் மறு பகுதிக்கு அந்த மருந்து கலக்காத வெறும் பெட்ரோலியம் ஜெல்லியையும் கொடுத்தார்கள். இரண்டு பக்கமும் ஏறத்தாழ ஒரே அளவில் தேறின. முப்பது ஆண்டுகள் மருந்து என்று நம்பியது பெரும்பாலும் ஜெல்லியின் வேலைதான் என்று தெரிந்தது. அதற்கு முந்தைய ஆண்டு, பிராக்கோ குழுவினர் 79 பெண்களிடம் குளோபெட்டசால், டெஸ்டோஸ்டிரோன், புரோஜெஸ்டிரோன், மருந்தில்லாக் களிம்பு நான்கையும் மூன்று மாதம் ஒப்பிட்டிருந்தார்கள். அறிகுறிகளிலும், நுண்ணோக்கியில் தெரிந்த திசு மாற்றத்திலும் குளோபெட்டசால் மற்ற மூன்றையும் தெளிவாக முந்தியது. நிறுத்தியதும் பலருக்கு நோய் திரும்பியது என்பதும் அதே ஆய்வில் வந்த செய்திதான். அன்றைக்கு அதை யாரும் போதிய அளவு கவனிக்கவில்லை.

மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2011-இல் வெளியிட்ட தொகுப்பாய்வு, அதுவரை நடந்த குலுக்கல் முறை ஆய்வுகள் அனைத்தையும் தேடித் திரட்டியபோது கிடைத்தவை ஏழு ஆய்வுகள், அவற்றில் பங்கேற்றவர்கள் 249 பேர். உலகம் முழுவதும் இத்தனை பெண்களை வாட்டும் ஒரு நோய்க்கு நூறாண்டுகளில் சேர்ந்த உறுதியான ஆதாரம் அவ்வளவுதான் என்பது எனக்கு இன்றும் வலிக்கிற செய்தி. ஆயினும் அந்தச் சிறு கையிருப்பு சொன்னது தெளிவாக இருந்தது: குளோபெட்டசால், மொமெட்டசோன் போன்ற வீரியமான ஸ்டீராய்டுகள் வேலை செய்கின்றன. பின்னர் 2014-இல் வந்த ஓர் ஒப்பீடு மொமெட்டசோனும் குளோபெட்டசாலுக்கு ஏறத்தாழ இணையாக நிற்பதைக் காட்டியது. அதே ஆண்டு வந்த இன்னோர் ஆய்வில், ஸ்டீராய்டு அல்லாத டாக்ரோலிமஸ் களிம்பு பலன் தந்தாலும் குளோபெட்டசாலை எட்டவில்லை. ஸ்டீராய்டு ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு டாக்ரோலிமஸ் இரண்டாம் வரிசை மருந்தாக இருந்து வருகிறது. முதல் சில நாள் எரிச்சல் தரும்.

இனி உங்கள் பயத்துக்கு வருகிறேன். தாளில் எழுதியிருப்பது பொய் அல்ல. தொடையிடுக்கு, முகம் போன்ற இடங்களில் தோல் மெல்லியது, மருந்து அதிகம் உறிஞ்சப்படும். நோயே தெரியாமல் ஒருவர் கடையில் வாங்கி மாதக்கணக்கில் தடவினால் தோல் மெலிந்து, வரிகள் விழுந்து, சிவந்து எரியும். அந்தப் பொது எச்சரிக்கை அவர்களுக்காக எழுதப்பட்டது. லைக்கன் ஸ்க்லெரோசஸ் உள்ள தோலின் நிலை வேறு. அங்கே மருந்தைத் தடவாமல் விடுவதுதான் தோலை மெலியவும் ஒட்டவும் செய்கிறது. உள்ளுதட்டுப் பகுதியின் சவ்வு போன்ற தோல், ஸ்டீராய்டால் எளிதில் மெலிவதில்லை. தொடையின் உட்பக்கத்திலும், ஆசனவாயைச் சுற்றி நோய் படராத தோலிலும் வழிந்து படிவதைத்தான் தவிர்க்க வேண்டும்.

பயத்துக்கு எதிராக வைக்கத் தக்க மிக வலுவான ஆய்வு சிட்னியில் நடந்தது. லீ, பிராட்ஃபோர்டு, ஃபிஷர் ஆகிய மூவரும் 507 பெண்களை 2008 முதல் 2014 வரை தொடர்ந்து கவனித்து, 2015-இல் முடிவை வெளியிட்டார்கள். அரிப்பு நின்றால் போதும் என்று விடாமல், தோலின் நிறமும் தன்மையும் இயல்புக்குத் திரும்புவதை இலக்காக வைத்து, ஒவ்வொருவருக்கும் ஏற்ற வீரியத்தில் ஸ்டீராய்டைத் தொடர்ந்து கொடுத்தார்கள். சொன்னபடி தடவிவந்த 357 பேரில் ஒருவருக்குக்கூடப் பெண்குறிப் புற்றுநோயோ அதன் முன்னிலையோ வரவில்லை. விட்டுவிட்டுத் தடவிய 150 பேரில் ஏழு பேருக்கு வந்தது. தோல் ஒட்டிக்கொள்வதும் தழும்பு கூடுவதும் முதல் பிரிவில் 3.4 விழுக்காடு, இரண்டாம் பிரிவில் 40 விழுக்காடு. நாம் அஞ்சும் தோல் மெலிவு மிகச் சிலருக்கே வந்தது, அதுவும் மருந்தின் வீரியத்தைக் குறைத்ததும் சரியானது. இது குலுக்கல் முறை ஆய்வு அல்ல என்பதைச் சொல்லியாக வேண்டும். ஒழுங்காக மருந்து போடுகிறவர்கள் மற்ற விதங்களிலும் உடலைக் கவனிப்பவர்களாக இருக்கலாம். ஆனாலும் 3.4-க்கும் 40-க்கும் உள்ள இடைவெளியை அந்த ஒரு காரணத்தால் மட்டும் விளக்கிவிட முடியாது. தடவாமல் விட்டுப் பார்க்கலாம் என்று ஒரு பிரிவுப் பெண்களை ஆண்டுக்கணக்கில் ஒதுக்கி வைக்க எந்த மருத்துவரின் மனமும் ஒப்பாது என்பதால், இதைவிடக் கறாரான ஆய்வு இந்தக் கேள்வியில் வருவது கடினம்.

இங்கே நம் ஊர் நிலவரம் பற்றி ஒரு சொல். உங்கள் அம்மாவுக்கு முன்பு தந்த களிம்புகளில் சில, வீரியமான ஸ்டீராய்டையும் பூஞ்சை மருந்தையும் நுண்ணுயிர் மருந்தையும் ஒரே குழாயில் கலந்தவையாக இருக்கலாம். மருந்துக் கடைகளில் அரிப்புக் களிம்பு என்று கேட்டால் இந்தியாவில் மிக எளிதாகக் கையில் கிடைப்பது அதுதான். அதில் உள்ள ஸ்டீராய்டு சில நாள் அரிப்பை அடக்கும், உடனே நிறுத்துவார்கள், மீண்டும் வரும், மீண்டும் வாங்குவார்கள். நோய் என்னவென்று யாரும் பார்க்காமலேயே ஆண்டுகள் ஓடிவிடும். இத்தகைய கலவைக் களிம்புகளை லைக்கன் ஸ்க்லெரோசஸுக்குப் பயன்படுத்த வேண்டாம். மற்ற இரண்டு மருந்துகளும் தேவையில்லாத ஒவ்வாமையை உண்டாக்கலாம்.

லேசர் பற்றிப் பேசலாம். கார்பன் டை ஆக்சைடு லேசரைப் புள்ளி புள்ளியாகப் பாய்ச்சி, தோலில் நுண்ணிய காயங்களை ஏற்படுத்தி, ஆறும்போது புதுத் திசு வளரும் என்பது இதன் அடிப்படை. லேசர் செய்துகொண்ட பெண்கள் பலர் நன்றாக இருக்கிறது என்று சொல்வது உண்மைதான். 2021-இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில் 52 பெண்களில் ஒரு பகுதியினருக்கு லேசரும் மறு பகுதியினருக்குக் குளோபெட்டசாலும் தந்தபோது, ஆறு மாத முடிவில் லேசர் பக்கத்தினர் தங்கள் நிலை மேலும் மேம்பட்டதாகச் சொன்னார்கள். கிளினிக்குகள் காட்டுவது இத்தகைய முடிவுகளைத்தான். ஆனால் அந்த ஆய்வில் யாருக்கு எது கிடைத்தது என்பது எல்லாருக்கும் தெரியும். புதிய இயந்திரத்தின் கீழ் படுத்துவிட்டு வருகிறவருக்கு எதிர்பார்ப்பு கூடத்தான் செய்யும். அதே 2021-இல் மிட்செல், கோல்ட்ஸ்டீன் குழுவினர் வெளியிட்ட ஆய்வு வேறு வகையானது. ஏறத்தாழ 40 பெண்களைக் குலுக்கலில் பிரித்து, ஒரு பகுதிக்கு உண்மையான லேசரும் மறு பகுதிக்கு லேசர்போலவே நடத்தப்பட்ட போலிச் சிகிச்சையும் 24 வாரங்களில் ஐந்து முறை கொடுத்து, திசுவை எடுத்து, யாருடையது என்று தெரியாத நிபுணரிடம் நுண்ணோக்கியில் மதிப்பிடச் செய்தார்கள். இரண்டுக்கும் கணிசமான வேறுபாடு இல்லை. ஸ்டீராய்டுக்குப் பதிலாக லேசரை மட்டும் நம்பலாம் என்ற வாதம் அத்துடன் வலுவிழந்தது. அழகு நிலையப் பாணியில் பெண்ணுறுப்புக்கு லேசர் விற்பதை எச்சரித்து அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018 ஜூலையிலேயே அறிக்கை விட்டிருந்தது. தீக்காயமும் தழும்பும் நீங்கா வலியும் வந்த பெண்களைப் பற்றிய புகார்கள் அதில் குறிப்பிடப்பட்டன. பிற வகை லேசர்களைப் பற்றிய ஆய்வுகள் தொடர்கின்றன. ஸ்டீராய்டைச் சரியாகத் தடவியும் தேறாத சிலருக்கு, ஓர் ஆய்வின் கட்டுக்குள், கூடுதல் துணையாக லேசருக்கு இடம் வரக்கூடும். மூன்று வாரம் மட்டும் களிம்பு தடவிய உங்கள் அம்மா அந்தப் பட்டியலில் இல்லை.

பி.ஆர்.பி.யின் கதையை இன்னும் கூர்ந்து பார்க்க வேண்டும், ஏனென்றால் அதில் ஒரே ஆய்வாளரின் நேர்மை வெளிப்படுகிறது. தட்டணுக்கள் செறிந்த இரத்த நீரைத் தோலில் ஊசியாக ஏற்றினால் காயம் ஆறும் காரணிகள் பெருகும் என்ற நம்பிக்கையில், கோல்ட்ஸ்டீன் முதலில் 15 பெண்களிடம் இதைச் செய்து பார்த்தார். பலருடைய திசுவில் அழற்சி குறைந்ததுபோல் தெரிந்தது. அத்துடன் நிறுத்தியிருந்தால் அதுவே இன்று விளம்பரமாக ஓடிக்கொண்டிருக்கும். அவர் அத்துடன் நிற்கவில்லை. சுமார் 30 பெண்களைக் குலுக்கலில் பிரித்து, ஒரு பகுதிக்கு பி.ஆர்.பி.யும் மறு பகுதிக்கு மருந்தற்ற ஊசியும் போட்டு, தருகிறவருக்கும் பெறுகிறவருக்கும் எது எதுவென்று தெரியாதபடி சோதித்து, பி.ஆர்.பி. மருந்தற்ற ஊசியைவிட மேலானதல்ல என்ற முடிவை 2019-இல் தானே வெளியிட்டார். தன் நம்பிக்கைக்கு எதிராக வந்த முடிவையும் ஒருவர் அச்சிடுவது நோயாளிகளுக்குச் செய்யும் பெரிய உபகாரம். நிரந்தரமாகத் தீரும் என்று உங்களிடம் சொன்னவர்களிடம் இந்த ஓர் ஆய்வைக் குறிப்பிட்டு, இதற்குப் பிறகும் எந்த ஆதாரத்தில் சொல்கிறீர்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

அப்படியானால் ஆய்வு எங்கே நகர்கிறது என்று கேட்பீர்கள். ஒரு வழி, நோயின் உள் இயக்கத்தைத் தேடுவது. 2003-இல் லான்செட் இதழில் வந்த ஓர் ஆய்வு, இந்த நோயுள்ளவர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பேருக்கு, தோலின் இணைப்புத் திசுவில் உள்ள ஈ.சி.எம். 1 என்ற புரதத்துக்கு எதிரான ஆன்டிபாடி, அதாவது உடலே உண்டாக்கும் எதிர்ப்புப் புரதம், இருப்பதைக் காட்டியது. 2012-இல் டச்சு ஆய்வாளர்கள் இந்தத் தோலில், எதிர்ப்பு அணுக்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பப் பயன்படும் இன்டர்ஃபெரான் என்ற புரதம் சார்ந்த எதிர்ப்பு வினை ஓங்கியிருப்பதைக் கண்டார்கள். அந்தச் சமிக்ஞை ஜேக் என்ற நொதிகள் வழியாக ஓடுவதால், அவற்றைத் தடுக்கும் ரக்ஸோலிட்டினிப் களிம்பை வைத்து லைக்கன் ஸ்க்லெரோசஸுக்கு மருத்துவச் சோதனை நடத்தப்பட்டது. எக்ஸிமாவுக்கும் வெண்புள்ளிக்கும் ஏற்கெனவே அனுமதி பெற்ற மருந்து அது. இந்த வழியில் எனக்கு நம்பிக்கை உண்டு. ஆனால் உங்கள் அம்மாவின் அரிப்புக்கு இன்று அது விடையாகாது.

இன்னொரு வழி கவர்ச்சி குறைந்தது, ஆனால் நோயாளிக்கு நெருக்கமானது: இருக்கும் மருந்தை எப்படித் தொடர்வது? 2013-இல் விர்ஜிலி குழுவினர் 27 பெண்களிடம், நோய் அடங்கிய பிறகு வாரம் இரண்டு முறை மொமெட்டசோனையும், வைட்டமின் ஈ களிம்பையும், வெறும் கோல்டு கிரீமையும் ஓராண்டு ஒப்பிட்டார்கள். ஸ்டீராய்டு தொடர்ந்த பிரிவில் யாருக்கும் நோய் திரும்பவில்லை. மற்ற இரண்டு பிரிவுகளிலும் பாதிக்கு மேற்பட்டோருக்குத் திரும்பியது. சிறிய ஆய்வு. அதைப் பெரிய அளவில் உறுதிசெய்யத்தான் பிரிட்டனில் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தைச் சார்ந்து பேர்ல்ஸ் என்ற பெயரில், அறிகுறி வந்தால் மட்டும் தடவுவதையும் அறிகுறி இல்லாதபோதும் வாரம் இருமுறை தடவுவதையும் ஒப்பிடும் ஆய்வு நடத்தப்படுகிறது. ஒவ்வோர் ஆய்வும் ஒவ்வொன்றை அளந்ததால் முடிவுகளைச் சேர்த்துப் பார்க்க முடியாமல் இருந்த குறையைப் போக்க, நோயாளிகளும் மருத்துவர்களும் கூடி, இனி எந்த ஆய்வும் அறிகுறி, கண்ணுக்குத் தெரியும் தோல் மாற்றம், இந்நோய் வாழ்க்கையைப் பாதிக்கும் அளவு ஆகிய மூன்றையும் அளக்க வேண்டும் என்று உடன்பட்டிருக்கிறார்கள். தூக்கமும் தாம்பத்தியமும் மனநிலையும் அளவீட்டுக்குள் வந்ததற்குக் காரணம் பெண்கள் அந்த மேசையில் உட்கார்ந்ததுதான்.

நடைமுறைக்கு வருகிறேன். பிரிட்டிஷ் தோல் மருத்துவர்கள் சங்கத்தின் 2018 வழிகாட்டுதல்படி, 0.05 விழுக்காடு குளோபெட்டசாலை, க்ரீமாக இல்லாமல் ஆயின்ட்மென்ட்டாக, முதல் மாதம் தினமும் இரவில் ஒரு முறை, இரண்டாம் மாதம் ஒன்றுவிட்டு ஒரு நாள், மூன்றாம் மாதம் வாரம் இருமுறை தடவ வேண்டும். விரல் நுனியளவு போதும். 30 கிராம் மருந்து மூன்று மாதம் வர வேண்டும். அதற்குமேல் அம்மாவின் தோலைப் பார்த்து எத்தனை நாளுக்கொரு முறை என்று மருத்துவர் முடிவுசெய்வார். கண்ணாடி வைத்து வெள்ளைப் பகுதி எது என்று ஒரு முறை மருத்துவரே காட்டித் தரட்டும். அம்மாவுக்குக் கூச்சமாக இருந்தால் நீங்கள் உடன் இருங்கள். சோப்பை விட்டுவிட்டு வெறும் தண்ணீரில் கழுவி, மெதுவாக ஒற்றித் துடைத்து, பகலில் பெட்ரோலியம் ஜெல்லி பூசினால் சிறுநீர் பட்டு எரிவது குறையும். அம்மாவுக்குச் சர்க்கரை இருப்பதால் இடையில் பூஞ்சைத் தொற்றும் சேர்ந்து வரலாம். அதற்குத் தனியாக மருந்து எடுக்க வேண்டும், களிம்பை நிறுத்தத் தேவையில்லை. மூன்று மாதம் ஒழுங்காகத் தடவியும் மாறாத தடிப்போ, ஆறாத புண்ணோ, ரத்தக் கசிவோ, புதிய கட்டியோ தெரிந்தால் அடுத்த சந்திப்புக்குக் காத்திருக்காமல் உடனே சென்று மீண்டும் திசுப் பரிசோதனை கேளுங்கள். ஆண்டுக்கு ஒரு முறையாவது கண்ணால் பார்த்துப் பரிசோதிப்பது வாழ்நாள் முழுவதும் தேவை. தைராய்டு நோய் இவர்களிடம் சற்று அதிகம் காணப்படுவதால், அசதி, எடை மாற்றம் போன்ற அறிகுறிகள் இருந்தால் அந்த இரத்தப் பரிசோதனையையும் செய்துவிடலாம்.

கடைசியாக உங்களைப் பற்றிய கேள்வி. 2010-இல் பிரிட்டனில் 1,052 பெண்களிடம் விசாரித்த ஓர் ஆய்வில், 12 விழுக்காட்டினர் குடும்பத்தில் இன்னொருவருக்கும் இந்நோய் இருந்ததாகச் சொன்னார்கள். எனவே பரம்பரைக்குப் பங்கு உண்டு. ஆனால் பெரும்பாலானோருக்குக் குடும்பத்தில் வேறு யாருக்கும் இல்லை. இப்போது உங்களுக்கு எந்தச் சோதனையும் தேவையில்லை. உங்களுக்கோ, உங்கள் பெண் குழந்தை இருந்தால் அவளுக்கோ, வாரக்கணக்கில் நீடிக்கும் அரிப்பும் வெண்மையும் தெரிந்தால், மருந்துக் கடைக்குப் போகாமல் தோல் மருத்துவரிடம் போய், அம்மாவுக்கு லைக்கன் ஸ்க்லெரோசஸ் இருக்கிறது என்ற ஒரு வரியை முதலில் சொல்லுங்கள். அம்மா இழந்த ஐந்து ஆண்டுகளை நீங்கள் இழக்க வேண்டியிருக்காது.